அண்ணனுக்கு ஆனா சொல்லிக்கொடுத்த வருடம்

எழுத்துத் தெரியாதவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பெரும் புண்ணியம் என்கிறார்கள். அந்தப் புண்ணியத்தை நான் ஆறு வயதிலேயே தேடிக்கொண்டவள். என்னிடம் படித்தவன் ஒரே ஒரு மாணவன். அவனுக்கு அப்போது வயது பதினான்கு. என் கூடப்பிறந்த அண்ணன். இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில், கம்பஸில், வேலை செய்யும் இடத்தில் என்று போன இடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். கேட்டவர்களில் சிலர் கண்கலங்கியும் இருக்கிறார்கள். நான் சொன்னதில் பாதிதான் கதை என்பது போன வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. ஆகவே இந்த முறை முழுவதையும் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஆரையம்பதிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர். ஒரு பக்கம் கடல் இரைவது கேட்கும். மறுபக்கம் வாவியில் தோணிக்காரர் ஆளையாள் கூப்பிடுவது கேட்கும். சுனாமி வந்த அன்று கடல் அந்த ஒடுங்கிய நிலத்தை ஒரேயடியாகக் கடந்து வாவிக்குள் போய் விழுந்தது. போகிற வழியில் எங்கள் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் என் அக்காவையும் கொண்டுபோனது. அண்ணனையும்தான் கொண்டுபோனது. ஆனால் வாவிக்கரைச் சதுப்பில் நின்ற கண்ணா மரத்து வேர்களுக்குள் அவன் சிக்கிக்கொண்டதால் அப்பா இழுத்தெடுத்துவிட்டார். சில நாட்கள் அவன் தண்ணீராகவே கக்கினான், யாரோடும் பேசவில்லை. பிறகு பழையபடி என் தலைமயிரைப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்தது, என்னைத் தவிர.

புதிய பள்ளிக்கூடத்தை வாவிப் பக்கமாகத் தகரக் கொட்டகையில் தொடங்கினார்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். மேசை கதிரை எல்லாம் பெரிய வகுப்புகளுக்குப் போய்விட்டன. ஒன்றாம் வகுப்புக்காரரான எங்களுக்குப் பன் புல்லில் இழைத்த பாய்தான் கிடைத்தது. அதில் வரிசையாகச் சப்பாணி கட்டி இருப்போம். வெயில் ஏறினால் தகரம் காயும், பாய் மணக்கும், எல்லோருக்கும் நித்திரை வரும். ரீச்சர் ஒருவர்தான் அந்த வெக்கையிலும் குரல் குறையாமல் நிற்பார்.

எங்கள் ரீச்சர் மட்டக்களப்பு டவுனில் இருந்து பஸ்ஸில் வருகிற பறங்கி மனுசி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கிய கவுன், கையில் ஆண்கள் பிடிக்கிற கறுப்புக் குடை, கழுத்தில் மெல்லிய சிலுவை. பேசுவது மட்டும் எங்களைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ். கண்டக்டரோடு சண்டை பிடிக்கும்போது அது இன்னும் நன்றாக இருக்கும். எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்பை அவர் எத்தனை காலம் எடுத்தார் என்று தெரியாது. ஊரில் பாதி இளந்தாரிகளும் குமர்ப்பிள்ளைகளும் அவரிடம் ஆனா படித்தவர்கள்தான்.

அவர் எங்களைச் சின்னப்பிள்ளைகள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "என்ட ஆக்கள்" என்பார். காலையில் வாசலில் நின்று, "என்ட ஆக்கள் எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார். கரும்பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது, முதலில் பாட்டா கணக்கா, மழை பெய்தால் பாயை எந்தப் பக்கம் இழுப்பது என்பதெல்லாம் எங்களிடம் கேட்டே முடிவுசெய்வார். நாங்களும் பெரிய மனிதர் போல யோசித்துப் பதில் சொல்வோம். அவர் கைகளில் எப்போதும் வெண்கட்டித் தூள் ஒட்டியிருக்கும். எங்கள் நகம் வெட்டிவிடுவார், மூக்குச் சிந்திவிடுவார், சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவராதவனுக்குத் தன்னுடைய பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று பொய் சொல்வார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அம்மாவிடம் சொல்லாததையும் அவரிடம் சொல்வேன். என் வாயில் எதுவும் நிற்பதில்லை என்று அவர் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.

அந்த வருடம் துவக்கும் தோட்டாவுமாகத் திரிந்தவர்கள் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டார்கள். எந்தத் துவக்குக்காரர் என்று கேட்காதீர்கள். அப்போது எங்கள் பக்கத்தில் பல பேரிடம் துவக்கு இருந்தது. எல்லோருக்கும் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். கோயில் திருவிழாவில் பிடித்தார்கள், டியூஷன் விட்டு வருகிற தெருவில் பிடித்தார்கள். எந்த வீட்டில் எந்த வயதில் பிள்ளை இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஊருக்குள்ளேயே ஆள் இருந்தது. எங்கள் குடிலுக்கு அவர்கள் வந்தபோது அண்ணன் வீட்டில் இல்லாதது அதிர்ஷ்டம். வாசலில் நின்று அம்மா சொன்ன பதிலை எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

"எங்கட வீட்டால ஒரு புள்ள போயிற்று. கடல் கொண்டு போன. இன்னொண்டு வேணுமெண்டா கடலிட்டப் போய்க் கேளுங்க."

அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. திரும்பி வருவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணன் பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. கணக்கில் முதலாம் பிள்ளை. இனி அந்தத் தெருவில் அவனை அனுப்ப முடியாது. வீட்டிலும் வைத்திருக்க முடியாது. இரவில் பிரச்சினை இல்லை. அப்பா வாவியில் வலை போடப் போகும்போது தோணியில் கூட்டிப் போய்விடுவார். தண்ணீருக்குள் அவர்கள் வருவதில்லை. பகலில் என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவும் அப்பாவும் தவித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ரீச்சர் தன் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் குடிலுக்கு வந்தார். அங்கே பேசப்பட்டதை அம்மா பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார். அப்போது நான் முற்றத்தில் கோழிக்குஞ்சோடு மும்முரமாக இருந்தேன்.

"அவன என்ட வகுப்புக்கு அனுப்புங்க," என்றாராம் ரீச்சர்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்ததாம். ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினால் அங்கே யார் தேடுவார்கள் என்று ரீச்சர் கேட்டார். பையன் வயதுக்கு வளரவில்லை, பார்வைக்குப் பதினொன்று பன்னிரண்டுதான் சொல்லலாம், பாயில் இருந்தால் உயரமும் தெரியாது, மூளை கொஞ்சம் மந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். அப்பா சிரிப்பை விட்டுவிட்டு, இந்தப் பிள்ளைகள் நாளைக்கே ஊரெல்லாம் சொல்லிவிடும், ஆறு வயதுக் குஞ்சுகளின் வாயில் என்ன நிற்கும் என்றார்.

ரீச்சர் எழுந்து நின்றுவிட்டாராம்.

"இவ்வளவு காலமும் இந்த ஊருல புள்ளையளக் காட்டிக் குடுத்தது ஆரு? என்ட வகுப்பு ஆக்களா, உங்கட வயசு ஆக்களா?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். ரீச்சர் விடவில்லை. "நான் புடிச்சு ஆனா எழுதப் பழக்கின கையில துவக்கப் பாத்திற்றன். ஒண்டு ரெண்டு கையில இல்ல. இனி நான் ஒருத்தனையும் குடுக்கப் போறல்ல. நாளைக்கு அவன அனுப்புங்க," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். நல்ல பயந்த மனிதரும்கூட. தனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்னபோது, உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று ரீச்சர் பதில் சொன்னதாகக் கேள்வி.

என்னிடம் அம்மா சொன்ன காரணம் வேறு. "அண்டைக்கு அண்ணன்ட தலைக்குள்ள போன கடல் தண்ணி இன்னும் வத்தல்ல புள்ள. படிச்சதெல்லாம் அழிஞ்சு போயிற்று. மறுகா முதல்ல இரிந்துதான் படிக்கணும்," என்றார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சிலேட்டில் தண்ணீர் பட்டால் எழுத்து அழிவதை நானே கண்டிருக்கிறேன். தலைக்குள் பட்டால் மட்டும் அழியாதா? எனக்கு அண்ணன் மேல் இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோசம் வந்தது. இவ்வளவு நாளும் என்னை அதட்டியவன் இனி எனக்குப் பின்னால்தான் பாயில் இருக்கப்போகிறான்.

மறுநாள் நீலக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டு அவன் வந்தான். முகம் உப்பிப்போய் இருந்தது. ரீச்சர் அவனைக் கடைசிப் பாயில் இருத்தி, "உன்ட அண்ணனுக்குப் பாடத்தில கொஞ்சம் உதவி செய் மகள்," என்று என்னிடம் சொன்னார். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? தட்டில் பரப்பிய வாவி மணலில் அவன் சுட்டுவிரலைப் பிடித்து ஆனா போட்டுக் காட்டினேன். அவன் என்னை முறைத்தான். விரலை இழுத்தால் ரீச்சரிடம் சொல்லிவிடுவேன் என்று வெருட்டினேன். எக்ஸும் வையும் போட்டு அட்சரகணிதம் செய்கிறவன், பாவம், என் பிடியில் கிடந்து சுழி போட்டான்.

அந்த வகுப்பில் நீதி இல்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே குறை. அண்ணன் எழுத்தை நேராக எழுதினால் ரீச்சர் அழித்துவிட்டு, சரியில்லை, திரும்ப எழுது என்பார். கோணலாக எழுதினால் கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டுவார். நானோ கோடு தாண்டாமல் எழுதிக்கொண்டு காத்திருப்பேன். ஒரு சொல் கிடைக்காது. மற்றப் பிள்ளைகளும் அவன் பக்கம்தான். அவனைக் கிண்டல் பண்ணியது நான் ஒருத்திதான். மற்றவர்கள் அவனுக்குப் பக்கத்தில் இருக்கச் சண்டை பிடித்தார்கள். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பிப் போய் அவனைச் சுற்றி நெருக்கி இருந்துகொள்வார்கள். என் மாணவனைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

இப்படி ஒரு பள்ளித் தவணை போனது. அண்ணனும் கொஞ்சம் கொஞ்சமாக முறைப்பதை விட்டான். இடைவேளையில் சின்னவர்களுக்குப் பனங்கொட்டையில் வண்டில் செய்து கொடுத்தான். ரீச்சர் பாட்டுச் சொல்லித் தரும்போது எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினான். அக்கா போன பிறகு அவன் பாடியதை நான் கேட்டது அங்கேதான்.

அவர்கள் வந்த நாள், இடைவேளை முடிந்து நாங்கள் பாயில் வந்து இருந்த நேரம். ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு பெரிய பையன் இருக்கிறான் என்று தெரிந்தே வந்தார்கள். முன்னால் வந்தது தலைமை ஆசிரியர். இவங்க உங்கட வகுப்பப் பாக்கணுமாம் ரீச்சர் என்று சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிப் பாராமல் தன் அறைக்குப் போய்விட்டார். பின்னால் இரண்டு பேர். ஒருவன் துவக்கோடு வாசலில் நின்றான். மற்றவன் உள்ளே கால் வைத்தான்.

"செருப்பக் கழட்டிற்று வாங்க," என்றார் ரீச்சர். "புள்ளையள் இரிக்கிற பாய்."

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினான். வெறுங்காலோடு உள்ளே வந்தபோது அவன் கால் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நாங்கள் எழும்பி, பழக்கியபடி இழுத்து இழுத்து வணக்கம் சொன்னோம். அவனும் யோசிக்காமல் வணக்கம் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்குக் கோபம் வந்தது தெரிந்தது.

கடைசிப் பாயைக் காட்டி அந்தப் பொடியன் யார் என்று கேட்டான். என் வகுப்புப் பிள்ளை என்றார் ரீச்சர். வயது கேட்டான்.

"நான் வயசு பாத்துப் புள்ளையள எடுக்கிறல்ல. ஆனா தெரியாத ஆரும் என்னட்ட வரலாம். உங்களுக்கு எழுத்தில ஏதும் சந்தேகமெண்டா நீங்களும் இரிங்க. பாயில இடமிரிக்கி."

வாசலில் நின்றவன் சிரித்தான். உள்ளே நின்றவன் சிரிக்கவில்லை. அண்ணனை எழும்பச் சொன்னான். அண்ணன் எழும்பினான், எழும்பிக்கொண்டே இருந்தான் போல எனக்குப் பட்டது. அவன் கால்கள் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பேர் கேட்டதற்கு வாயைத் திறந்தபடி நின்றான். நடிப்பா, உண்மையிலேயே நாக்கு எழும்பவில்லையா என்று அவனுக்கே இன்றைக்கும் தெரியாது.

அவனைக் கொண்டுபோவதானால் தன்னையும் கொண்டுபோக வேண்டும் என்றார் ரீச்சர். அவனுக்கு இன்னும் ஆனா ஆவன்னா முடியவில்லை, தொடங்கிய பாடத்தை நடுவில் விடுகிற பழக்கம் தனக்கில்லை, துவக்குக்குப் பக்கத்தில் இருந்தென்றாலும் முடித்துக் கொடுப்பேன் என்றார். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. எங்களுக்கு வீட்டுப்பாடம் சொல்வது போலவே சொன்னார்.

வந்தவன் கெட்டிக்காரன். பெரியவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். ரீச்சருக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பினான். குந்தி இருந்து, குரலை மெதுவாக்கிக்கொண்டு கேட்டான்.

"தம்பி தங்கச்சிமார், இவன் உண்மையாவே உங்களோட படிக்கிறவனா?"

முன் பாயில் இருந்த பையன் ஒருவன் உடனே எழும்பினான். "ஓம். அவன் எங்கட பென்சிலெல்லாம் கடிச்சுத் தின்னுறவன்," என்றான். அடுத்து ஒரு பெண்பிள்ளை எழும்பி, அவன் பாயில் மூத்திரம் பெய்தவன் என்றாள். இன்னொருத்தன், அவன் வாவியைக் கண்டால் குழறி அழுவான் என்றான். அதோடு வகுப்பே தொடங்கிவிட்டது. அவனுக்குச் செருப்பில் இடம் வலம் தெரியாது, அவன் வெண்கட்டியும் தின்பான், அவனுக்குச் சோறு தீத்திவிட வேண்டும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. அத்தனையும் பச்சைப் பொய். என் அண்ணன் மக்குத்தான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாயில் மூத்திரம் பெய்தான் என்று எங்கள் குடும்பத்தைக் கேவலப்படுத்த இவர்கள் யார்? நான் எழும்பி, "பொய்," என்று கத்தினேன்.

வகுப்பு அப்படியே அடங்கியது. பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ரீச்சர் ஒரு கையால் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை இருக்கச் சொல்லவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை.

அவன் என்னருகே வந்தான். நீ யார் என்றான். தங்கச்சி என்றேன். "இவங்க சொல்றது பொய்யெண்டா எது உண்மை? சொல்லு புள்ள," என்றான்.

"அண்ணன் பென்சில் தின்னுறல்ல. மூத்திரமும் பெய்யிறல்ல," என்று மூச்சு வாங்கச் சொன்னேன். "அவன்ட தலைக்குள்ள கடல் தண்ணி போய் எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிற்று. அக்கா போன அண்டைக்கு. நான்தான் அவனுக்கு ஆனா சொல்லிக் குடுக்கிறன். எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் சுழி வருகுதில்ல."

கடைசி வார்த்தை சொல்லும்போது காற்றில் விரலால் சுழி போட்டும் காட்டினேன். உண்மையிலேயே அந்தச் சுழி என்னை அவ்வளவு பாடுபடுத்தியிருந்தது.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்படிப் பார்த்தவனுக்கு அதில் ஒரு பொய்யும் கிடைத்திருக்காது. வாசலில் நின்றவன்தான் முதலில் பேசினான். "விடுடா. இதக் கொண்டு போய் என்ன செய்யிற?" என்றான். என் அண்ணனை 'இது' என்று சொன்னதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

உள்ளே நின்றவன் வெளியே போய்ச் செருப்பைப் போட்டான். ரீச்சர் வாசல் வரைக்கும் போனார். "வந்தீங்க, பாத்தீங்க. இனி இந்தப் படியில கால் வைக்கப்படா," என்று சொல்லி, அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்குள் படலையை இழுத்துச் சாத்தினார்.

அவர் திரும்பி வந்தபோது வகுப்பு முழுவதும் அழுதுகொண்டிருந்தது. பென்சில் கதை சொன்னவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மூத்திரக் கதை சொன்னவள் உண்மையிலேயே பாயை நனைத்துவிட்டாள். அண்ணன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். ரீச்சர் ஒவ்வொருவராகப் பிடித்து, முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி நெற்றியில் கொஞ்சினார். எல்லோர் கன்னத்திலும் வெண்கட்டித் தூள் அப்பிக்கொண்டது. அழாமல் நின்றது நான் மட்டும்தான். இரண்டு ஆட்கள் வந்து கேள்வி கேட்டதற்கே இப்படி நடுங்குகிற இவர்கள் என்ன பிள்ளைகள் என்று நினைத்தேன். கடைசியாக ரீச்சர் என்னிடம் வந்தபோது, பொய் சொன்ன எல்லோருக்கும் தண்டனை கொடுக்க வேண்டும் என்று முறைப்பாடு செய்தேன்.

"ஓம் மகள், குடுக்கிறன்," என்றார். என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் நெஞ்சு படபடவென்று அடித்தது எனக்குக் கேட்டது.

பிறகு கடைக்கு ஆள் அனுப்பி எல்லோருக்கும் பணிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். பொய் சொன்ன அத்தனை பேருக்கும் ஒவ்வொன்று. உண்மை சொன்ன எனக்கும் ஒன்றுதான்.

அடுத்த வருடம் எங்கள் பக்கத்தில் சண்டை ஓய்ந்தது. அது வடக்கே போய் இன்னும் எத்தனையோ பிள்ளைகளைத் தின்ற பிறகுதான் முடிந்தது. அண்ணன் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய், ஒரு வருடம் பிந்தினாலும் படித்து முடித்தான். இப்போது கட்டாரில் வேலை. பிள்ளைகள் இரண்டு. ரீச்சர் ஓய்வுபெற்று அவுஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிறார். நான் கொஞ்சம் வளர்ந்து, நடந்தது என்ன என்று அம்மா சொன்ன பிறகு, என் தலையில் நானே ஒரு கிரீடம் வைத்துக்கொண்டேன். மற்றப் பிள்ளைகள் வாய்க்கு வந்ததை உளறினார்கள், நான் உண்மையைச் சொன்னேன், அதனால் அண்ணன் தப்பினான். இவ்வளவுதான் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை.

போன வருடம் கோயில் சடங்குக்கு ஊருக்குப் போனபோது, பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். பென்சில் கதை சொன்னவன்.

"நீ இன்னும் அந்தக் கதையச் சொல்லித் திரியிறயாம். உன்ட அண்ணனக் காப்பாத்தின கதைய," என்றான்.

ஏன், பொய்யா என்று கேட்டேன்.

"பொய்யில்லகா. ஆனா நடந்தது என்னெண்டு எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும்."

அவன் ஓட்டோவைத் தெருவோரம் நிற்பாட்டிவிட்டுச் சொன்னான். அண்ணன் வகுப்புக்கு வந்த அன்று காலையிலேயே ரீச்சர் வகுப்புப் பிள்ளைகளை அருகில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். விளையாட்டு என்று சொல்லவில்லை, கதை கட்டவில்லை. ஆட்கள் வந்தால் இவனைக் கொண்டுபோய்விடுவார்கள், போனவர்கள் திரும்பி வருவதில்லை, நீங்கள்தான் இவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டிலும் சொல்லக் கூடாது, உங்களால் ஏலுமா என்று கேட்டிருக்கிறார். ஏலும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் நான் தலைமை ஆசிரியரின் அறையில் இருந்தேன். வெண்கட்டி எடுத்துவர ரீச்சர்தான் என்னை அனுப்பியிருந்தார்.

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல்ல?" எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"நாங்களும் கேட்ட நாங்க. அவளுக்குப் பொய் சொல்ல வராது, அவள் உண்மையத்தான் சொல்லுவாள், எங்களுக்கு அப்பிடியும் ஒரு ஆள் வேணும் எண்டு சொன்னவ."

 அவன் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். அவன் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, அதில் பாதி ஊருக்கே தெரியும். அந்த நாட்களில் துவக்குக்காரருக்கு வீடு காட்டிக் கொடுத்தது அவனுடைய அப்பாதான். அது ரீச்சருக்கும் தெரியும். எனக்குத் தெரியாத மறு பாதியை அவன் சொன்னான். அவன் அப்பாவுக்குச் சந்தேகம் வந்து, உன் வகுப்பில் இருக்கிற அந்தப் பெரிய பொடியன் யார், உண்மையில் அவனுக்கு எழுத்துத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். தென்னை ஈர்க்கால் அடித்தும் கேட்டிருக்கிறார்.

"அவன் பென்சில் தின்னுறவன் எண்டு மட்டும்தான் சொன்ன நான்," என்றான். பிறகு ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.

 காட்டிக்கொடுக்கிறவனின் மகனைத் தன் அருகில் இருத்தி, ஒரு உயிரை அவன் கையில் கொடுத்துவிட்டு, என்னைத்தான் ரீச்சர் வெளியே அனுப்பியிருக்கிறார் என்பதையே வீடு வரும்வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரில் பெரியவர் ஒருவரையும் நம்பாத அந்த மனுசி, மூக்குச் சிந்தத் தெரியாத அத்தனை பேரையும் நம்பினார். அன்று பாயில் இருந்து அழுதவர்களை நான் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்தேன். அவர்கள் என்ன நடக்கும் என்று தெரிந்தே துவக்குக்கு முன்னால் எழும்பி நின்று பொய் சொன்னவர்கள். பயப்படாமல் நின்றது நான் ஒருத்திதான். ஒன்றும் தெரியாமல் இருந்ததும் நான் ஒருத்திதான்.